இரும்புக் கன்னியா, இரும்புக் கண்ணியா?

அயர்ன் மெய்டன் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழுதான். ஆனால் குழுவுக்கு முன்பே அந்தப் பெயரை ஒரு கருவி வைத்திருந்தது. ஆள் உயரப் பெட்டி, மேலே பெண் முகம், கதவின் உட்புறம் நெடுக முட்கள். உள்ளே ஆளை நிறுத்திக் கதவைச் சாத்தினால் முடிந்தது கதை.

இடைக்கால ஐரோப்பாவில் இப்படித்தான் கொன்றார்கள் என்று நாமும் நம்பி வளர்ந்தோம். நம்பியது தவறு. 1793இல் யோகான் பிலிப் சீபென்கீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், 1515இல் நூரம்பர்க்கில் கள்ள நாணயம் அடித்த ஒருவன் இதற்குள் அடைத்துக் கொல்லப்பட்டதாக எழுதினார். அதற்கு முன் இந்தக் கருவியைப் பற்றி நம்பத்தக்க பதிவு எதுவும் இல்லை. கதை முதலில் வந்தது. கதைக்கேற்ற பெட்டிகளை 19ஆம் நூற்றாண்டுக் காட்சிக்கூடங்கள் செய்துகொண்டன. புகழ்பெற்ற நூரம்பர்க் பெட்டியும் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது.

ஜெர்மன் மொழியில் இதன் பெயர் 'ஐசர்னே யுங்ஃப்ராவ்'. யுங்ஃப்ராவ் என்றாலும் மெய்டன் என்றாலும் மணமாகாத இளம்பெண். ஆகவே தமிழில் இரும்புக் கன்னி. பொருத்தமும் கூடுதல்: மெய்டனுக்கு உள்ள 'முதன்முதலான' என்ற பொருளைக் கன்னிப்பேச்சு, கன்னி முயற்சி என்று நம் கன்னியும் சுமக்கிறாள். சித்த மருந்தான அயச்செந்தூரத்தின் 'அயம்' இந்த 'அயர்ன்'தானே என்று ஆசைப்பட வேண்டாம். ஒலி நெருக்கம் மட்டுமே, வேர்கள் வேறு.

'இரும்புப் பெண்மணி' என்று எழுதுவது பிழை. அது 1976இல் சோவியத் ராணுவ நாளேடு, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான மார்கரெட் தாட்சருக்குச் சூட்டிய பட்டத்தின் தமிழ். இரண்டு இரும்புகளும் ஒருமுறை மோதிக்கொண்டன. 1980இல் வந்த 'சாங்க்சுவரி' இசைத்தட்டின் உறையில், குழுவின் சின்னமான 'எட்டி' என்னும் பிணமுகத்தான் கையில் கத்தியோடு குனிந்திருக்கிறான்; கீழே கிடப்பவர் தாட்சர். பிரதமரையே வம்புக்கு இழுத்த அந்த ஓவியம் டெரெக் ரிக்ஸ் வரைந்தது.

பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் கிழக்கு லண்டனின் லேட்டன் பகுதியில் குழுவைத் தொடங்கியது 1975 கிறிஸ்துமஸ் அன்று. 1980இல் வந்த முதல் ஆல்பத்துக்கும் குழுவின் பெயரே. 1981இல் புரூஸ் டிக்கின்சன் பாட வந்தார்; 1982இல் மூன்றாவது ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1993இல் விலகிய அவர் 1999இல் திரும்பினார். 2008 சுற்றுப்பயணத்தில் குழு ஏறிச் சென்ற போயிங் 757 விமானத்தை ஓட்டியதும் அவரே. 2007இல் பெங்களூருக்கும் வந்தார்கள். யார் வந்தாலும் போனாலும் பெயரும் ஹாரிசும் மட்டும் மாறவில்லை.

அதனால் குழுவைக் குறிக்கும்போது அயர்ன் மெய்டன் என்றே எழுதலாம். ஆள் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. கருவியைக் குறிக்கும்போது இரும்புக் கன்னி. சிலர் கைதவறி 'இரும்புக் கண்ணி' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணி என்றால் பொறி. அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை, திருத்த மனம் வராத எழுத்துப்பிழை.