உப்பு போட்டாச்சா? மோட்டோரோலா 68000-இன் மறதியும் முதல் யுனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்களும்

1980-களின் தொடக்கத்தில் வந்த சில கம்ப்யூட்டர்களின் மூடியைக் கழற்றினால், உள்ளே பலகையில் நீளமான ஒரு சிப் தனியாகத் தெரியும். இரண்டு பக்கமும் 32, 32 என்று மொத்தம் 64 கால்கள். நீளம் எட்டு சென்டிமீட்டர். சுற்றியிருக்கும் சிப்கள் எல்லாம் பூரான் குட்டிகள் என்றால் இது தாய்ப்பூரான். மோட்டோரோலா நிறுவனம் 1979-இல் அறிவித்த 68000 நுண்செயலி அதுதான். யுனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் ஒரு கம்ப்யூட்டரை ஒரே ஆளின் மேசைக்குக் கொண்டுவந்ததில் இந்தச் சிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த வேலைக்குத் தேவையான ஒரே ஒரு விஷயம் அதற்குத் தெரியாது. பாதியில் நின்ற இடம் அதற்கு நினைவிருக்காது. இப்படி ஒரே ஆளுக்கென்று செய்த முதல் மேசைக் கம்ப்யூட்டர்களின், அதாவது ஒர்க்ஸ்டேஷன்களின், வடிவமைப்பில் சுவையான பகுதிகள் பலவும் இந்த மறதியைச் சமாளிக்கப் போய்ப் பிறந்தவைதான்.

அதற்கு முன் யுனிக்ஸ் எங்கே ஓடியது? 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது பிடிபி-7 என்ற மெஷினில். அப்புறம் பிடிபி-11. 1973-இல் பெரும்பகுதியைச் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதனால் வேறு மெஷின்களுக்கும் அதை எடுத்துச் செல்ல முடிந்தது. 1970-களின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் ஆசைப்பட்ட மெஷின் வாக்ஸ்-11/780. விலை லட்சம் டாலரைத் தாண்டும். அலமாரி அளவு இருக்கும். ஒரே வாக்ஸைப் பல பேர் டெர்மினல் போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள். கூட்டம் சேர்ந்தால் எல்லோருக்கும் வேகம் குறையும்.

ஆளுக்கு ஒரு மெஷின் என்ற எண்ணம் புதிதல்ல. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகம் 1973-லேயே ஆல்டோ என்ற தனியாள் கம்ப்யூட்டரைச் செய்து காட்டியிருந்தது. அதில் நுண்செயலி கிடையாது. சின்னச் சின்ன சிப்களை நிறையக் கோத்துத்தான் செயலியையே கட்டியிருந்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டியும் (சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்) அவருடைய சகாக்களும் இந்தக் கனவுக்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். ஒரு மெகாபைட் நினைவகம், பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்குப் பத்து லட்சம் ஆணைகள். இந்த மூன்றும் ஒரு மேசையில் வேண்டும். கடைசி நிபந்தனைக்கு அருகில் வரக்கூடிய, விலைக்கு வாங்கக்கூடிய சிப்பாக 68000 வந்து சேர்ந்தது.

அதில் என்ன விசேஷம்? ஏறக்குறைய 68,000 டிரான்சிஸ்டர்கள். உள்ளே 32 பிட் அகலமான ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பு இடங்கள்) 16: எட்டு தரவுக்கு, எட்டு முகவரிக்கு. 24 பிட் முகவரி, அதாவது 16 மெகாபைட் வரை ஒரே நீட்டமான வெளி. இன்டெலின் 8086-இல் நினைவகத்தை 64 கிலோபைட் துண்டுகளாகத்தான் பார்க்க முடியும். பெரிய ப்ரோகிராம் எழுதுபவருக்கு அது ஓயாத தொல்லை. நினைவக முகவரியைக் காட்டும் சி மொழியின் பாயிண்டருக்கு 68000-இன் வெளி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. இன்னொன்றும் இருந்தது. சாதாரண ப்ரோகிராமுக்கு ஒரு நிலை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஒரு நிலை என்று சிப்பே பிரித்து வைத்திருந்தது. யுனிக்ஸுக்கு அது அடிப்படைத் தேவை.

சரி, குறை எங்கே?

வாக்ஸில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1979 முடிவில் மெய்நிகர் நினைவகத்தை யுனிக்ஸுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ப்ரோகிராம் முழுவதும் நினைவகத்தில் இருக்க வேண்டியதில்லை. அதைச் சிறு பக்கங்களாக வெட்டி, இப்போது தேவைப்படும் பக்கங்களை மட்டும் உள்ளே வைத்து, மற்றதை டிஸ்கில் விட்டுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது இல்லாத ஒரு பக்கத்தைத் தொட்டால் செயலி நிற்கும், கெர்னல் அந்தப் பக்கத்தை டிஸ்கிலிருந்து கொண்டுவரும், நின்ற ஆணை மறுபடி நடக்கும். ப்ரோகிராமுக்கு எதுவும் நடந்ததே தெரியாது. இதைத்தான் பேஜ் ஃபால்ட் என்கிறோம். ஒரு மெகாபைட் நினைவகமே சொத்து மாதிரி இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி!

இதில் சிக்கல் 'மறுபடி' என்ற சொல்லில் இருக்கிறது. சாம்பார் வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால் ஒரு சந்தேகம்: உப்பு போட்டாச்சா? போட்டிருக்கும்போது மறுபடி போட்டால் கரிக்கும். போடாமலே போட்டதாக நினைத்துக்கொண்டால் சப்பென்று இருக்கும். 68000-இன் நிலைமையும் இதுவே.

ஒரு ஆணையை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ஏ0, ஏ1 இரண்டும் முகவரி ரெஜிஸ்டர்கள். "ஏ0 காட்டும் இடத்திலிருந்து இரண்டு பைட் எடு, ஏ1 காட்டும் இடத்தில் வை, இரண்டு ரெஜிஸ்டரையும் இரண்டு இரண்டு நகர்த்து." எழுதுவதற்கு ஒரு வரி. உள்ளே அது பல படிகளாக நடக்கிறது. எடுத்தாயிற்று, ஏ0 நகர்ந்தாயிற்று, ஏ1 காட்டும் பக்கம் நினைவகத்தில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கெர்னல் பக்கத்தைக் கொண்டுவந்த பிறகு ஆணையை முதலிலிருந்து நடத்தினால் ஏ0 ஏற்கெனவே நகர்ந்திருக்கிறது. இரண்டு பைட் தவறிப்போகும். அடுத்த ஆணைக்குத் தாண்டினாலோ எழுத வேண்டியது எழுதப்படாமலே போகும். எந்தப் படியில் நின்றோம் என்று தெரிந்தால் சரிசெய்துவிடலாம். 68000 அதைச் சொல்லாது. இப்படி நின்றால் அது ஸ்டாக்கில் (தற்காலிகக் குறிப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி) ஏழு சொற்களைத்தான் (ஒரு சொல் என்றால் 16 பிட்) எழுதிவைக்கும். அவற்றில் எந்த ஆணையில் இருக்கிறோம் என்று காட்டும் ப்ரோகிராம் கவுண்டரும் உண்டு. ஆனால் சிப் அடுத்த ஆணைகளை முன்கூட்டியே எடுத்துவைக்கும் பழக்கமுள்ளது. அதனால் அந்த எண், தவறு நடந்த ஆணையின் தொடக்கத்திலிருந்து 2 முதல் 10 பைட் வரை எங்கு வேண்டுமானாலும் தள்ளி நிற்கலாம் என்று மோட்டோரோலாவின் கையேடே சொல்கிறது.

மோட்டோரோலாவின் பொறியாளர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதாரண இன்டரப்டுகளை (கருவிகள் செயலியைக் கூப்பிடும் அழைப்புகளை) 68000 கச்சிதமாகக் கையாளும். ஏனென்றால் அவற்றை ஒரு ஆணை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் அது ஏற்றுக்கொள்கிறது. ஆணையின் நடுவில் நிற்க வைப்பது 'பஸ் எரர்' என்ற ஒரு கம்பி. நினைவகம் பதில் சொல்லவில்லை, வன்பொருளில் ஏதோ கோளாறு என்று தெரிவிப்பதற்கான ஏற்பாடு அது. கோளாறு என்றால் ப்ரோகிராமை நிறுத்திவிட்டு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டியதுதான். அதற்கு ஏழு சொற்கள் போதும். அந்தக் கம்பியைப் பிடித்து மெய்நிகர் நினைவகம் கட்ட நினைத்தவர்களுக்குத்தான் போதவில்லை.

அப்படி நினைத்தவர்களில் முந்திக்கொண்டது அப்போலோ கம்ப்யூட்டர். வில்லியம் பொடுஸ்கா 1980-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய நிறுவனம். 1981-இல் வந்த அவர்களுடைய டிஎன் 100 ஒர்க்ஸ்டேஷனுக்குள் 68000 ஒன்றல்ல, இரண்டு. முதல் சிப் ப்ரோகிராமை ஓட்டும். இல்லாத பக்கத்தைத் தொட்டால் அதற்குப் 'பிழை' என்று சொல்லவே மாட்டார்கள். நினைவகம் இன்னும் பதில் தரவில்லை, காத்திரு என்று மட்டும் சொல்லி அப்படியே நிறுத்திவைப்பார்கள். உப்பை அள்ளிய கை அந்தரத்தில் நிற்க, சமையல்காரர் சிலையாகிவிடுகிறார். இரண்டாவது சமையல்காரர் கடைக்கு ஓடிப்போய்ப் பொருளை வாங்கி வந்து வைக்கிறார். அப்புறம் முதலாமவர் கையை இறக்குகிறார். தான் நின்றதே அவருக்குத் தெரியாது. மறதி இருந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு சிப்பின் விலை கூடுதல்தான். ஆனாலும் இவ்வளவு நேர்மையான தீர்வு அரிது என்றே எனக்குப் படுகிறது. டிஎன் 100-இல் ஓடியது அப்போலோவின் சொந்த இயங்குதளமான ஏஜிஸ். யுனிக்ஸின் சாயல் உண்டு, யுனிக்ஸ் அல்ல. ஆகவே முதல் யுனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் எது என்று தேடுபவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

அந்தப் பெயருக்கு வலுவாக உரிமை கோருவது ஸ்டான்ஃபோர்டில் பிறந்த மெஷின். ஆன்டி பெக்டோல்ஷெய்ம் என்ற மாணவர் பல்கலைக்கழக நெட்வொர்க்குக்காக 68000-ஐ வைத்து ஒரு பலகை வடிவமைத்தார். 'ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி நெட்வொர்க்' என்பதன் முதல் எழுத்துகள்தான் சன். 1982 பிப்ரவரியில் அவரும் வினோத் கோஸ்லாவும் ஸ்காட் மெக்நீலியும் சேர்ந்து சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் தொடங்கினார்கள். பெர்க்லி யுனிக்ஸின் பில் ஜாய் சீக்கிரமே வந்து சேர்ந்தார். அதே ஆண்டு சன்-1 விற்பனைக்கு வந்தது. 10 மெகாஹெர்ட்ஸ் 68000, அதில் யூனிசாஃப்ட் நிறுவனம் மாற்றியமைத்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸ்.

சன்-1 இரண்டாவது சிப் வைக்கவில்லை. பேஜிங்கே, அதாவது பக்கம் பக்கமாகக் கொண்டுவரும் வேலையே, வேண்டாம் என்று விட்டுவிட்டது. இடம் பற்றவில்லையா, ஒரு முழு ப்ரோகிராமையும் தூக்கி டிஸ்கில் போடு, இன்னொன்றைக் கொண்டுவா. இந்த மாற்றம் ஆணைகளுக்கு இடையில்தான் நடக்கும், அதனால் மறதிப் பிரச்சினை எழாது. ஆனால் ஒரு ப்ரோகிராம் உள்ள நினைவகத்தை விடப் பெரிதாக இருக்க முடியாது.

இருந்தும் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். யுனிக்ஸில் ஸ்டாக் தானாக வளர வேண்டும். ப்ரோகிராமின் ஒரு பகுதியான ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டு, அது மற்றொன்றைக் கூப்பிட, ஸ்டாக் தன் எல்லையைத் தாண்டும்போது பிழை எழும். கெர்னல் இடம் ஒதுக்கி ஆணையை மறுபடி நடத்தும். 'மறுபடி' வந்துவிட்டதே! இதற்குக் கண்டுபிடித்த வழி, இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு ஃபங்ஷனும் தொடங்கும்போது, தனக்குத் தேவைப்படப்போகும் ஸ்டாக்கின் கடைசி எல்லையை ஒருமுறை சும்மா தொட்டுப் பார்க்கும்படி கம்பைலரே (ப்ரோகிராமைச் சிப்பின் ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) ஒரு 'டெஸ்ட்' ஆணையைச் செருகிவிடும். அந்த ஆணை படிக்க மட்டும் செய்யும், எதையும் எழுதாது, எந்த ரெஜிஸ்டரையும் நகர்த்தாது. அது பாதியில் நின்றால் நட்டமில்லை, முடிந்தாலும் லாபமில்லை. கெர்னல் பார்க்கும்: ஓ, அந்த டெஸ்ட் ஆணையா, அப்படியானால் ஸ்டாக்குக்கு இடம் வேண்டும் என்று அர்த்தம். இடத்தைக் கொடுத்துவிட்டு மேலே ஓட விடும். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே உப்பு டப்பாவைத் திறந்து பார்த்துவிடுவது மாதிரி. சன் மட்டுமல்ல, 68000-இல் யுனிக்ஸ் ஓட்டிய மற்றவர்களும் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்கும் மசியாத ஒரு ப்ரோகிராம் இருந்தது. எல்லோரும் தினமும் கட்டளைகளைத் தட்டிப் பயன்படுத்தும் ஷெல்! ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், நினைவகம் தீர்ந்ததா என்று முன்கூட்டிப் பார்க்காது. போய் முட்டும், பிழை வந்தால் அந்தச் சிக்னலைத் தானே பிடித்து இடம் வாங்கிக்கொண்டு திரும்பும், முட்டிய ஆணை மறுபடி நடக்கும் என்று நம்பும். பிடிபி-11-இல் அந்த நம்பிக்கை பலித்தது. 68000-இல் பலிக்கவில்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் ஷெல்லின் நினைவகப் பகுதியில் கைவைத்தே ஆகவேண்டியிருந்தது.

சன்-1-இன் உண்மையான சாமர்த்தியம் வேறொரு இடத்தில் இருக்கிறது. பேஜிங் இல்லாவிட்டாலும் ஒரு ப்ரோகிராம் இன்னொன்றின் இடத்தைத் தொடாமல் காக்க வேண்டும். அதற்கு ப்ரோகிராம் சொல்லும் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றும் ஒரு அமைப்பு நடுவில் தேவை. ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருந்தால் நேரம் போகும், செயலி காத்திருக்கும். பெக்டோல்ஷெய்ம் டிராம் என்ற நினைவகச் சிப்பின் ஒரு பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார். டிராமுக்கு முகவரியை ஒரே தடவையில் கொடுக்க மாட்டோம். முதலில் வரிசை எண், அப்புறம் நெடுக்கை எண் என்று இரண்டு தவணை. அன்றைய 64 கிலோபிட் சிப்புக்கு எட்டு பிட், எட்டு பிட். பக்கத்தின் அளவு 2 கிலோபைட் என்பதால் முகவரியின் கடைசி 11 பிட்கள் மாற்றத்துக்கு உள்ளாவதே இல்லை. பக்கம் எங்கே இருந்தாலும் பக்கத்துக்குள் இடம் அதேதான். ஆகவே அந்தப் பிட்களை முதல் தவணையாக உடனே கொடுத்துவிடலாம். டிராம் வரிசையைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில், வேகமான ஸ்டாடிக் நினைவகத்தில் இருக்கும் அட்டவணைகளைப் பார்த்து மேல் பிட்களை மாற்றி முடித்துவிடலாம். நெடுக்கை எண் கேட்கும் நேரத்தில் பதில் தயாராக இருக்கும். மாற்றத்துக்கு என்று தனியாக நேரமே செலவாகவில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் சிப் காத்திருக்காமல் ஓடியது.

இந்தப் பலகையின் வழித்தோன்றல்கள் சன் நிறுவனத்துக்கு வெளியேயும் போயின. சிலிக்கான் கிராஃபிக்ஸின் முதல் ஐரிஸ் மெஷின்களிலும், ஸ்டான்ஃபோர்டில் உருவாகிப் பின்னர் சிஸ்கோவின் தொடக்கமாக அமைந்த ரவுட்டர்களிலும் இருந்தவை இதன் உறவுக்காரப் பலகைகள்தான்.

மறதிக்கு மருந்தை மோட்டோரோலாவே 1982-இல் 68010 என்ற பெயரில் தந்தது. வெளித்தோற்றத்தில் மாற்றம் இல்லை, அதே 64 கால்கள், அதே இருக்கையில் உட்காரும். ஆணையின் நடுவில் நின்றால் ஏழு சொற்களுக்குப் பதில் 29 சொற்களை ஸ்டாக்கில் எழுதிவைக்கும். கூடுதலாக எழுதுவது சிப்பின் உள்நிலை: எந்தப் படியில் நின்றது, கையில் என்ன வைத்திருந்தது. கெர்னல் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதுகூட இல்லை. பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுதியதை அப்படியே சிப்பிடம் திருப்பிக் கொடுத்தால், விட்ட படியிலிருந்து அது தொடரும். 'உப்பு போட்டாச்சு' என்று அடுப்பு மேடையில் சீட்டு எழுதி வைத்துவிட்டு வாசலுக்குப் போகிற சமையல்காரர். 1983-இல் வந்த சன்-2-இல் 68010 இருந்தது, பெர்க்லியின் 4.2 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட யுனிக்ஸ் இருந்தது, பேஜிங்கும் இருந்தது.

ஆக, அந்தக் காலத்து ஒர்க்ஸ்டேஷன் ஒன்று கைக்குக் கிடைத்தால் மூடியைத் திறந்து தாய்ப்பூரானை முதலில் தேடுங்கள். இரண்டு 68000 ஜோடியாக இருந்தால் அது ஆரம்பகால அப்போலோவாக இருக்கலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதுகில் அச்சடித்த எண்ணில் கடைசிக்கு முந்திய இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் அது பக்கம் பக்கமாக வேலை பார்க்கத் தெரிந்த சிப். 0 என்றால், அதில் ஓடிய ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் அந்தச் சின்ன டெஸ்ட் ஆணை காவல் நின்றிருக்கும்.