அகத்தியர்கூடத்தின் உச்சியில் காந்த ஊசி

பாறசாலையிலிருந்து ஒரு வாசகர், அகத்தியர்கூடம் ஏறி இறங்கிய கையோடு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். உச்சியில் திசைகாட்டி நிலைகொள்ளாமல் சுழலும், அது அகத்திய முனிவரின் ஆற்றல் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்களாம். சுழலாது. திசைகாட்டியை வடக்கே இழுப்பது புவிக்காந்தப் புலத்தின் கிடைத்திசைப் பகுதி, அதாவது தரைக்கு இணையான பகுதி, மட்டுமே. லண்டனில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கிடைப்புலம், சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), நம் பக்கத்தில் இருப்பதால், ஊசி இங்கே இன்னும் உறுதியாகவே நிற்கும். ஊசி தடுமாறினால் முதலில் கைபேசி உறையில் காந்தம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

திருவனந்தபுரம், திருநெல்வேலி மாவட்டங்களின் எல்லையில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது இம்மலை. கிழக்கே தாமிரபரணியும் மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இம்மலைப் பகுதியில் பிறக்கின்றன. இரு பருவமழைகளும் நனைக்கும் இக்காடுகள் காணி மக்களின் வாழிடம். மலையேறுவோர் போணக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சி ஏறுவது வழக்கம். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஜனவரியில்தான் வனத்துறை பெண்களையும் உச்சிவரை அனுமதித்தது; முனிவர் பிரம்மச்சாரி என்பது அதுவரை சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இம்மலையில் ஏறியவர்களுள் என்னை மிகவும் கவர்பவர் ஜான் ஆலன் பிரௌன். ஸ்காட்லாந்துக்காரரான இவர், 1852-இல் திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். 1855-இல், யானைகள் உலவும் காட்டின் வழியே கருவிகளை ஏற்றி, சுமார் 6,200 அடி உயரத்தில் ஒரு காந்த ஆய்வகத்தையே நிறுவினார். நேர்க்கோட்டில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்திலும் மலைமீதும் ஒரே வகை அளவீடுகளை எடுத்து ஒப்பிடுவதே நோக்கம். காந்த ஊசி ஒவ்வொரு நாளும் பகலில் மெல்ல விலகி மாலையில் மீள்வதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். ஏன் விலகுகிறது என்பதுதான் தெரியாது. மேல்வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டம் காரணமாகலாம் என்று இயற்பியலாளர் பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882-இல் சொன்னபோது பிரௌன் உயிரோடு இல்லை.

அந்த மின்னோட்டம் நம் தலைக்கு மேல், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிறது. பிரௌன் ஏறியதோ இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு உயரத்து மின்னோட்டத்துக்கு மலையும் சமவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்த மின்னோட்டம் நம் பக்கம் போன்ற இடங்களில் மட்டும் இவ்வளவு வலுப்பெறும் விதம், இயற்பியலில் நான் அறிந்த அழகான சூழ்ச்சிகளுள் ஒன்று. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் தரைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு; அது நம் பக்கமாகச் செல்கிறது. அங்கே புவியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்காகக் கிடக்கின்றன. சூரிய ஒளி எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரித்துவிட்ட அந்த உயரக் காற்றில், பகலில் கிழக்கு நோக்கிய மெல்லிய மின்புலம் ஒன்று நிலவுகிறது. கிழக்கே மின்புலம், வடக்கே காந்தப்புலம் என்று இரண்டும் செங்குத்தாக வெட்டும்போது எலக்ட்ரான்கள் மேல்நோக்கி நகர்கின்றன. கனமான அயனிகளோ காற்று மூலக்கூறுகளோடு ஓயாமல் மோதுவதால் அவற்றைப் பின்தொடர முடியாமல் தங்கிவிடுகின்றன. எனவே அடுக்கின் மேல்விளிம்பில் எதிர்மின்னும் கீழ்விளிம்பில் நேர்மின்னும் சேர்கின்றன. வடக்கிலோ தெற்கிலோ சற்றுத் தள்ளிய இடமானால், சாய்ந்த காந்தக் கோடுகளின் வழியே இந்த மின்னேற்றம் வழிந்தோடிவிடும். இங்கே கோடுகள் கிடையாகப் படுத்திருப்பதால், மடை அடைத்த வாய்க்காலில் நீர் ஏறுவது போல அது தேங்குகிறது. தேங்கியதால் எழும் மேல்நோக்கிய மின்புலம் முதல் மின்புலத்தைவிடப் பன்மடங்கு வலியது. அதுவே இப்போது எலக்ட்ரான்களை மேற்கே விரட்டுகிறது. எலக்ட்ரான் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே என்பது பள்ளிப் பாடம். காந்த நடுக்கோட்டின் இருபுறமும் சுமார் மூன்று பாகை அகலத்துக்குள் ஒடுங்கி ஓடும் இதற்கு, பெரு நாட்டின் ஊவாங்காயோ ஆய்வகத்தின் பதிவுகளை ஒட்டி, இயற்பியலாளர் சிட்னி சாப்மன் 1951-இல் மின்தாரை என்று பெயரிட்டார். நண்பகலை ஒட்டி இது தரையில் கிடைப்புலத்தைப் பல பத்து நானோடெஸ்லா உயர்த்துகிறது. சில நாள்களில் நூறையும் தாண்டுகிறது. கைத்திசைகாட்டியில் இது புலப்படாது.

திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் இந்த மின்தாரைதான் காரணம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து பறந்த முதல் ராக்கெட்டின் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் ஊசியைக் குறித்துவைக்கும் வேலைக்கு அப்படியொரு படம் அமைவதில்லை, அதனால் நிதியும் எளிதில் அமைவதில்லை. பிரௌன் 1865-இல் ஊர் திரும்பிவிட்டார். அவருடைய அளவீடுகள் நூலாக அச்சேறியதோ 1874-இல்தான். தொடர் பதிவுக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

சிவன் திருமணத்தின்போது வடக்கே தாழ்ந்த உலகைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே வந்த கதையையும், காந்த ஊசி தரைமட்டமாக நிற்கும் கோடு இப்பக்கம் செல்வதையும் முடிச்சுப் போட்டு, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று சிலர் எழுதுகிறார்கள். கதை அழகானது. ஆனால் காந்த நடுக்கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை; புவியின் உட்கருவில் உருகிய இரும்பு புரளப் புரள, அதுவும் இடம் மாறுகிறது. 1960-களில் தும்பாவை ஒட்டிச் சென்ற கோடு இப்போது இன்னும் தெற்கே போய்விட்டது. மலை நகரவில்லை. திருநெல்வேலி அருகே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் நடத்தும் ஆய்வகமும் கோட்டிலிருந்து சற்று வடக்கே விலகியே இருக்கிறது, ஆனாலும் மின்தாரையின் அகலத்துக்குள்தான்.