நிறுவனத்தின் பெயரை மாற்றினாலும் பொருந்தினால் அது பதில் இல்லை

சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் வழக்காடும் பிரிவில் இருக்கிறேன். ஆறு வருடமாக இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களை முதலில் படித்துப் பிரிக்கும் வேலை என் தலையில்தான். கோர்ட் முடிந்து வந்து, மறுநாள் வழக்குக் கட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, ராத்திரி எட்டரை மணிக்கு மேல் உட்கார்ந்து படிப்பேன். ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல மாணவர்கள் யாரோ ஒருவர் ஆற அமர காபி குடித்துக்கொண்டே தங்கள் கட்டுரையை ரசிக்கப் போகிறார் என்று நினைத்து எழுதுகிறார்கள்.

எல்லா இடத்திலும் வருகிற கேள்வி, 'எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?' வருகிற பதில்: 'தங்கள் நிறுவனம் நாட்டின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று, பல்துறை அனுபவம் வாய்ந்த வழக்கறிஞர்களிடம் கற்றுக்கொள்ளும் அரிய வாய்ப்பு.' எங்கள் நிறுவனம் முன்னணி எல்லாம் கிடையாது, பதினெட்டுப் பேர் இருக்கிறோம். அந்தப் பத்தியில் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு அடுத்த தெருவில் இருப்பவர்களின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்படியே பொருந்தினால் நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. நானும் யோக்கியன் இல்லை. நான்காம் வருடம் படிக்கும்போது ஒரே கடிதத்தைப் பதினோரு இடத்துக்கு அனுப்பினேன், அதில் ஒன்றில் வேறொரு நிறுவனத்தின் பெயரே இருந்தது. பதில் வரவில்லை, வராததில் எனக்கு வருத்தமும் இல்லை.

அப்படியென்றால் எதை எழுதுவது? நிறுவனத்தின் இணையதளத்தை விட்டுவிடுங்கள், அதில் இருப்பது நாங்களே எங்களைப் பற்றி எழுதிக்கொண்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒவ்வொரு தீர்ப்பிலும் மனுதாரருக்கு யார், எதிர்மனுதாரருக்கு யார் ஆஜரானார்கள் என்று போட்டிருக்கும். நிறுவனத்தின் பெயரையோ அங்கே இருக்கும் வக்கீலின் பெயரையோ தேடி ஒரு தீர்ப்பை எடுத்து முழுதாகப் படியுங்கள், எங்களுக்குச் சாதகமான தீர்ப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பெண் போன வருடம் நாங்கள் தோற்ற ஒரு மேல்முறையீட்டைப் படித்துவிட்டு, 'தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் ஒவ்வொரு நாளுக்கும் ஏன் விளக்கம் தரவில்லை என்று புரியவில்லை' என்று எழுதியிருந்தார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே பார்ட்னருக்கு அனுப்பினேன்.

அடுத்தது, 'சமீபத்தில் உங்களைக் கவர்ந்த சட்ட மாற்றம் எது?' பத்துக்கு ஏழு பேர் செயற்கை நுண்ணறிவும் சட்டமும் என்று ஆரம்பிக்கிறார்கள், மீதிப் பேரில் பலர் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததைச் சொல்லிப் பழைய பிரிவு எண்ணையும் புதிய எண்ணையும் பட்டியல் போடுகிறார்கள். தலைப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் கண் முன்னால் நடந்த ஒன்று போதும். தேனியிலிருந்து ஒரு மாணவர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. அவருடைய மாமா முப்பது வருடமாக வாய்ப் பேச்சிலேயே ஒரு கடையை வாடகைக்கு விட்டிருந்தார். தமிழ்நாட்டில் 2017ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி மனுப் போடலாம். 'சரி, கையெழுத்துப் போட மறுத்தவர் வீட்டுக்காரராகவே இருந்தால்?' என்று கேட்டு, அதற்கு இரண்டு பக்க வாதத்தையும் ஆறு வரியில் எழுதியிருந்தார். அந்த ஆறு வரிக்குத்தான் அவரைக் கூப்பிட்டோம்.

அப்புறம், 'நீங்கள் செய்த ஒரு தவறைப் பற்றி எழுதுங்கள்' என்ற கேள்வி. 'நான் எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பதுதான் என் குறை' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இந்தக் கேள்வியை வைப்பதே நீங்கள் தப்பு செய்தால் மறைப்பீர்களா, வந்து சொல்வீர்களா என்று பார்க்கத்தான். எங்கள் வேலையில் மறைத்த தப்புதான் கட்சிக்காரரின் வழக்கையே கொல்லும். ஒரு மூன்றாம் வருட மாணவி இப்படி எழுதியிருந்தார்: செக் பவுன்ஸ் கேஸ் ஒன்றில் செக்கின் தேதியிலிருந்து 30 நாளை எண்ணி, நோட்டீஸ் அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். சீனியர் கட்டைப் பிரித்து செக் திரும்பியதற்கு வங்கி கொடுக்கும் சீட்டான ரிட்டர்ன் மெமோவைக் காட்டினார். செக் பவுன்ஸுக்கான 138ஆம் பிரிவில் 30 நாள் என்பது வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து, இன்னும் 9 நாள் பாக்கி இருந்தது. மெமோ கட்டிலேயே இருந்தும் நான் பார்க்கவில்லை. இப்போது எந்தக் கட்டு வந்தாலும் முதலில் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதிக்கொள்கிறேன். அவ்வளவுதான் பதில். ஒரு பெருமையும் இல்லை, 'இதிலிருந்து நான் வாழ்க்கைப் பாடம் கற்றேன்' என்ற ஒப்பாரியும் இல்லை.

இதே கேள்விக்கு நன்றாக எழுதிக்கொண்டே வந்து ஒரே வரியில் கவிழ்ந்தவர்களும் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்துக் கட்சிக்காரரின் பெயர், சமரசப் பேச்சில் பேசிய தொகை, எல்லாவற்றையும் அப்படியே போட்டிருந்தார் ஒருவர். கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வது ரகசியம் என்பது இன்டர்னுக்கும் சேர்த்துத்தான். 'ஒரு கட்டுமான நிறுவனத்துக்கான வழக்கு' என்றால் போதாதா? அவர்கள் ரகசியத்தை எங்களிடம் சொன்னவர் நாளைக்கு எங்கள் ரகசியத்தை எங்கே எழுதுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் படிக்கவில்லை.

சாட்ஜிபிடியில் எழுதுவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரே வாரத்தில் நான்கு கல்லூரிகளிலிருந்து ஒரே வாக்கியம் வந்தால் எங்களுக்குத் தெரியாதா? அதைவிட மோசம், இல்லாத தீர்ப்பை மேற்கோள் காட்டுவது. நான் தேடிப் பார்ப்பேன்.

'எப்போது, எத்தனை வாரம் வருவீர்கள்?' என்ற தேதிக் கேள்வியைச் சும்மா நிரப்பாதீர்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும், ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆனாலும் 'எட்டு வாரம் தொடர்ந்து வருகிறேன்' என்று வருடா வருடம் யாராவது எழுதுகிறார்கள், சட்டம் படிப்பவர்கள். அதேபோல உயர் நீதிமன்ற வாதத்தைப் பார்க்க ஆசை என்று எழுதிவிட்டு மே மாதத்தைக் கேட்பது. மே மாதம் அங்கே கோடை விடுமுறை, விடுமுறைக் கால அமர்வு மட்டும்தான் நடக்கும். கேட்ட 250 வார்த்தைக்கு 400 எழுதுகிறவர்களும் இந்த ரகம்தான்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்துக்குப் பயந்து அகராதியிலிருந்து பெரிய பெரிய வார்த்தைகளைப் பொறுக்கி அடுக்காதீர்கள், சின்ன வாக்கியமாக எழுதுங்கள், இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருந்தால் குடி முழுகாது. கையில் இருக்கும் சரக்கைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள். போன டிசம்பரில் ஒரு பையன், அப்பா பத்திர எழுத்தர், எட்டாவது படிக்கும்போதிலிருந்து கிரயப் பத்திரம் படித்துக் காட்டிப் பழக்கம். இது விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில், கேரம் போர்டுக்குக் கீழே இருந்தது! வந்த மூன்றாம் நாள், நாங்கள் இரண்டு பேர் ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டிய 1962ஆம் வருடப் பத்திரத்தின் நான்கெல்லையை, கறை படிந்த நகலிலிருந்து இருபது நிமிடத்தில் வாசித்துவிட்டு, 'சார், கிழக்கு எல்லையில ஓடைன்னு இருக்கு, நம்ம மனுவில ரோடுன்னு போட்டிருக்கீங்களே' என்றான்.