நீள்வளையம்: சாய்ந்த வட்டத்துக்கு என்ன பெயர்?

வட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற வடிவம் எலிப்ஸ். திருகோணமலையில் தமிழில் கணிதம் படித்தவர்களுக்கு அது நீள்வளையம், தமிழ்நாட்டுப் புத்தகங்களில் நீள்வட்டம். இரண்டும் ஒன்றுதான், எதை எழுதினாலும் சரி. எனக்கு நீள்வளையம்தான் பிடிக்கும், ஏனென்றால் நாம் வரைவது ஒரு வளைந்த கோட்டை.

முட்டை வடிவம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கணினியில் படம் வரையும் பெயின்ட் செயலியில் நீள்வளையம் போடும் கருவிக்கு ஓவல் என்று பெயர், லத்தீனில் ஓவம் என்றால் முட்டை, குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. முட்டைக்கு ஒரு முனை கூர், மறுமுனை மழுக்கம். நீள்வளையத்துக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி.

எலிப்ஸ் என்பது எலெய்ப்சிஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பொருள் ‘குறைவு’. கி.மு. 200ஐ ஒட்டி வாழ்ந்த பெர்கா ஊர்க் கிரேக்கக் கணித அறிஞர் அப்பொலோனியஸ், கூம்பை வெட்டும்போது கிடைக்கும் வளைகோடுகளை ஆராய்ந்து, ஒரு சதுரத்தின் பரப்பை ஒரு செவ்வகத்தோடு ஒப்பிட்டு, குறைந்து வந்ததற்கு எலிப்ஸ், சமமாக வந்ததற்குப் பரபோலா, மிஞ்சி வந்ததற்கு ஹைப்பர்போலா என்று பெயர் வைத்தார். சொல்லை விட்டுவிட்டு மூன்று புள்ளி வைக்கிறோமே, அந்த எலிப்சிஸுக்கும் இதே வேர்தான்.

அவர் சொன்ன குறைவு வேறு கணக்கு என்றாலும், வரைகிறவர்களுக்கு அந்தச் சொல் நன்றாக உதவும். ‘நீள்’ என்று கேட்டதும் வட்டத்தை இழுத்து நீட்டத்தான் கை போகும், ஆனால் சாயும்போது எதுவும் நீள்வதில்லை. உப்புவெளிப் பக்கம் ஒரு வளவுக்குள் இருக்கும் வட்டக் கிணற்றை எட்ட நின்று பாருங்கள்: குறுக்கு விட்டம் அப்படியே இருக்கும், முன்பின் விட்டம் மட்டும் சுருங்கும். நேரே பார்ப்பதிலிருந்து 60 பாகை சாய்ந்தால் அது பாதியாகிவிடும். ஆகவே பெயின்டில் 400 பிக்சல் அகலம், 200 பிக்சல் உயரத்துக்கு ஓவலை இழுத்தாலே போதும். வட்டம் போட்டுவிட்டுப் பிறகு அமுக்கினால் மேலும் கீழும் கோடு மெலிந்துபோகும்.

அப்புறம் பேர்ஸ்பெக்டிவ். தமிழில் இயலுறு தோற்றம், அதாவது தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவதை அப்படியே வரைவது. கோயில் பதாகைக்குத் தேர்ச்சில்லு வரைகிறீர்கள் என்றால், ஜிம்ப் என்ற படம் திருத்தும் செயலியில் ஒரு சதுரம், அதற்குள் நான்கு பக்கமும் தொடுகிற வட்டம், இரண்டு மூலைவிட்டம் எல்லாவற்றையும் ஒரே லேயரில் (படத்தின் ஒரே அடுக்கில்) போட்டு, பேர்ஸ்பெக்டிவ் கருவியால் தூரப் பக்கத்து மூலைகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று நெருக்கி, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டவும் கொண்டுவாருங்கள். கிட்டப் பக்கம் பருத்து முட்டை மாதிரி வரும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், ஆனால் கிடைப்பது அசல் நீள்வளையமேதான். மாறுவது மையம்: மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளி நீள்வளையத்தின் நடுவைவிடச் சற்றுத் தூரப் பக்கம் தள்ளி விழும். சில்லின் அச்சாணியை அந்தப் புள்ளியில் வையுங்கள், ஆரக்கால்களையும் அங்கிருந்தே இழுங்கள்.