இன்வெர்ட்டரில் மூன்று கோடு தெரிந்தால் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது?

"தம்பி, மூணு கோடு காட்டுது. ஃப்ரிட்ஜும் ரெண்டு ஃபேனும்தான் ஓடுது. முக்கால் மணி நேரத்துல கத்திட்டு நின்னுடுது."

திருச்செந்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்வெர்ட்டர் வேலை பார்க்கும் எனக்குப் போன் செய்தார். கார்த்திகை மாதம், நாலைந்து நாளாக மழை. மாடியில் சோலார் பேனல், கீழே 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) கொள்ளளவுள்ள டியூபுலர் எனும் ஈய-ஆசிட் பேட்டரி இரண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வைங்க சார், காலையில வர்றேன்" என்றேன்.

காலையில் போய் மீட்டரை வைத்தேன். இரண்டும் சேர்த்து 24.7 வோல்ட். இன்வெர்ட்டர் பார்ப்பது இந்த ஒரு எண்ணைத்தான். அதனால்தான் மூன்று கோடு. தனித்தனியாக வைத்துப் பார்த்தபோது ஒன்றில் 12.45, மற்றொன்றில் 12.25. வித்தியாசம் 0.2 வோல்ட்தானே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டாவது பேட்டரியின் மூடிகளைக் கழற்றி, ஆசிட்டின் அடர்த்தியை (கிராவிட்டி) அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட்டேன். ஐந்து செல்லில் கிராவிட்டி 1.220. சுவரோரம் இருந்த ஆறாவது செல்லில் 1.120. கிட்டத்தட்ட காலி.

அந்தச் செல்லின் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது அளவுக்கு மேல் போயிருக்கிறது. சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வெளியே வழிந்திருக்கிறது. குறைந்த இடத்தை நிரப்ப மறுபடி தண்ணீர், மறுபடி வழிசல். இப்படியே அந்தச் செல்லில் ஆசிட் நீர்த்துப்போய்விட்டது. லோடு கொடுத்துப் பார்த்தேன். நல்ல பேட்டரி 11.7-இல் நின்றது, கெட்டது 9.3-க்கு இறங்கியது. கூட்டினால் 21. 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு அது மிகக் குறைவு, அதனால் கட்.

இதில் அவர் தவறு எதுவும் இல்லை. கோட்டைப் பார்த்தால் போதும் என்று எங்களைப் போன்றவர்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன்.

பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் அந்தக் கோடு காட்டுவது வோல்டேஜை, மிச்சமிருக்கும் சார்ஜை அல்ல. வெயிலில் சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பேட்டரி 14-க்கு மேல் காட்டும். அதற்காக உள்ளே முழுதாக நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதே பேட்டரி மிக்ஸி ஓடும்போது 11.8 காட்டும், நிறுத்தினால் மேலே ஏறும். சார்ஜும் இல்லாமல் லோடும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு வரும் எண்தான் நம்பக்கூடியது. அதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை, பேனலில் வெயில் விழுவதற்கு முன். கரண்ட் சார்ஜரையும் அணைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் விட முடியாத வீட்டில் அரை மணி நேரமாவது விடுங்கள். தினமும் ஒரே மாதிரி எடுத்தால் ஒப்பிடலாம்.

இன்னொரு குழப்பம்: 12.7 வோல்ட் என்றால் முழு சார்ஜ் என்று இணையத்தில் ஓர் அட்டவணை சுற்றுகிறது. அது கார் பேட்டரிக் கணக்கு. டியூபுலரில் ஆசிட்டின் அடர்த்தி குறைவு. முழு சார்ஜில் கிராவிட்டி பொதுவாக 1.240 பக்கம் இருக்கும். கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ் வரும். ஆறால் பெருக்கினால் 12.5. "12.7 வரவே மாட்டேங்குது, பேட்டரி போச்சு" என்று நல்ல பேட்டரியை எடைக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது. 12.1 வந்தால் பாதி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்ஃபேட் உப்பு இறுகிவிடும். மழைக்காலத்தில் பேனலை மட்டும் நம்பாமல் கரண்டிலும் சார்ஜ் ஏற்றுங்கள்.

தண்ணீர் ஊற்றிய கையோடு கிராவிட்டி பார்க்காதீர்கள், ஒரு முறை முழு சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு பாருங்கள். தண்ணீர் குறைந்த செல்லில் ஆசிட் கெட்டியாகி கிராவிட்டி கூடுதலாகவே காட்டும், அதுவும் ஏமாற்றும்.

லித்தியம் போட்டவர்களுக்கு இந்த வோல்டேஜ் கணக்கு உதவாது. பெரும்பாலும் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அங்கே பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணித்தான் சதவீதம் சொல்கிறது. பல நாள் முழு சார்ஜ் ஏறாவிட்டால் அந்த எண்ணிக்கை பிசகும். 35 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோன பேட்டரியை இந்த மழையிலேயே பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது 100 வரை ஏற்றினால் கணக்கு சரியாகிவிடும். தனியாக ஷன்ட் (ஆம்பியரை அளக்க நெகட்டிவ் ஒயரில் வைக்கும் சிறு தடை) வைத்த மீட்டர் போடுபவர்கள், நெகட்டிவ் ஒயர் அத்தனையும் ஷன்ட்டைத் தாண்டித்தான் போகிறதா என்று பாருங்கள். ஒரு வீட்டில் மாட்டுத்தொழுவ லைட்டின் ஒயரை நேராக பேட்டரியில் சொருகியிருந்தார்கள். ராத்திரி முழுக்க எரிந்த அந்த லைட் மீட்டருக்குத் தெரியவே இல்லை.

ஆசிரியர் வீட்டில் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். நாலு வருடம் ஓடியதோடு புதியதை சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்தால் புதியதும் சீக்கிரம் கெடும். அவர் இப்போது தினசரி காலண்டர் தாளில் இரண்டின் வோல்டேஜையும் தனித்தனியாக எழுதுகிறார். அளக்கப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி வைக்கவும், மூடியைத் திறந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடவும் சொல்லியிருக்கிறேன்.