ரத்த டெஸ்ட்ல டோட்டல் டி4 (டி4ங்கற தைராய்டு ஹார்மோனோட மொத்த அளவு) கம்மின்னா தைராய்டு கம்மின்னு யாருங்க சொன்னது?

இந்த மாசத்துல இது மூணாவது பையன். கோத்தகிரி பக்கம், 23 வயசு, அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க. "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்கறான் டாக்டர், இந்தக் குளிர்லயும் ராத்திரி கம்பளிய உதறிட்டு வேர்த்துப் போய் உட்கார்ந்திருக்கான்." கைய நீட்டச் சொல்லி விரல் மேல ஒரு பேப்பர வச்சேன், பேப்பர் ஓரம் நடுங்குது. நாடி 118.

ரெண்டு மாசம் முன்னாடி அசதின்னு பேக்கேஜ் டெஸ்ட் எடுத்திருக்கான். டோட்டல் டி4 3.9, டி.எஸ்.எச் (தைராய்டு கம்மியானா பொதுவா ஏறற சிக்னல் ஹார்மோன்) 1.8. டி4 பக்கத்துல "லோ"ன்னு இருக்கறத பாத்துட்டு, ஜிம்ல யாரோ சொன்னாங்கன்னு தைராக்ஸின் (அதாவது டி4 மாத்திரை) 100 மைக்ரோகிராம் வாங்கி தினமும் போட்டுட்டு இருக்கான். அம்மாவ வெளிய உட்கார வச்சுட்டு கேட்டப்பதான் மீதி வந்துச்சு: உடம்பு ஏத்த வாரம் ரெண்டு அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி, கூட அதே வகை ஸ்டானோசோலால் மாத்திரை, நாலு மாசமா.

ரத்தத்துல இருக்கற டி4ல 99 சதவீதத்துக்கு மேல புரோட்டீன்ல ஒட்டிக்கிட்டு சும்மா சுத்துது, வேலை செய்யறது தனியா திரியற அந்தத் துளிதான், அதுதான் ஃப்ரீ டி4. டோட்டல்னா ரெண்டும் சேர்ந்த கணக்கு. அனபாலிக் ஸ்டீராய்டு போட்டா அந்தப் புரோட்டீன் குறையும், அதனால டோட்டலும் குறையும், அவ்வளவுதான். நம்மூர் டீ ஃபேக்டரி குடோன சின்னதாக்கிட்டா உள்ள மூட்டை கம்மியாதான் இருக்கும், கடைக்குப் போற தூள் அதே அளவு போயிட்டுதான் இருக்கு, அதப் பாத்து ஃபேக்டரியே ஓடலம்பீங்களா? டி.எஸ்.எச் நார்மல்னு அதே பேப்பர்ல அடுத்த வரில இருக்கே, அத ஏன் யாருமே படிக்கறதில்ல! (கர்ப்பிணிகளுக்கு நேர் எதிர், புரோட்டீன் கூடும், டோட்டலும் கூடும், அதுவும் வியாதி இல்ல.)

ஏற்கனவே தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்க இந்த ஊசி போட்டா அதே டோஸ் அதிகமாயிடலாம், அவங்க கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும். டெஸ்ட்டுக்குப் போறப்ப டி.எஸ்.எச்சும் ஃப்ரீ டி4ம் கேளுங்க. முடிக்குன்னு பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டா ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க, சில லேப் மெஷின்ல ரிசல்ட்டே மாறிடும். வீசிங்குக்கு டாக்டர் குடுத்த ஸ்டீராய்டு வேற, அத இதப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.

அந்தப் பையனுக்கு தைராக்ஸின நிறுத்தியாச்சு. உடம்புல அது பாதியா குறையவே ஒரு வாரம் ஆகும், படபடப்பு உடனே போகாதுப்பான்னு சொல்லித்தான் அனுப்பினேன், ஆறு வாரம் கழிச்சு திரும்ப டெஸ்ட். தம்பிகளா, என்ன போடறீங்களோ அந்த ஊசி பாட்டில், பவுடர் டப்பா, மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. வீட்ல சொல்ல மாட்டேன்.