ஏரி இறங்கினால் கப்பல் நிற்கும்

பனாமா கால்வாய் என்றதும், கடலையும் கடலையும் இணைக்க வெட்டிய வாய்க்கால், அதில் ஓடுவதும் கடல் தண்ணீர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அங்கே கப்பல்கள் மேடேறி இறங்குகின்றன. அவற்றை ஏற்றிவிடுவது மழைத் தண்ணீர்.

கடலிலிருந்து வரும் கப்பல், கதவு வைத்த பெரிய தொட்டி ஒன்றுக்குள் நுழையும். பழைய தொட்டிகள் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம். பின்கதவு மூடியதும், மேலேயுள்ள கட்டூன் ஏரியின் தண்ணீர் உள்ளே இறங்கும். பம்பு கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடிவரும் தண்ணீர்தான். அது ஏற ஏறக் கப்பலும் உயரும். இப்படி மூன்று படி ஏறினால், கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே ஏரி. அப்புறம் மறுபக்கம் அதேபோல் இறங்க வேண்டும். ஒரு கப்பல் கடந்து முடிப்பதற்குள் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போய்விடும். நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடிநீர் தருவதும் இதே நீர்ப்பிடிப்புப் பகுதிதான்.

அங்கே ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழையில்லாக் காலம். ஏரி இறங்கும், மே மாதத்திலிருந்து நிரம்பும். 2023இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, அந்த மழையைக் கெடுத்தது. 1950 முதல் எடுத்த கணக்கில் அவ்வளவு வறண்ட அக்டோபர் வந்ததே இல்லை. நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில், டிசம்பரில் 22தான் போக முடிந்தது. வரிசையில் முந்துவதற்காக ஒரு நிறுவனம் நவம்பர் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்தது.

சரி, வேறு வழியில் போகலாமே? ஆசியாவிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குச் சூயஸ் வழியாகவும் போகலாம். பல கப்பல்கள் அப்படித் திரும்பின. அதே நவம்பர் 19 அன்று, சூயஸுக்குப் போகும் வழியான செங்கடலில், யேமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் ‘கேலக்ஸி லீடர்’ கப்பலைக் கைப்பற்றினார்கள். தாக்குதல்கள் தொடர, டிசம்பரில் பெரிய கண்டெய்னர் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். ஒரு வாசலை வறட்சி குறுக்கியது, மாற்று வாசலைப் போர் அடைத்தது.

இங்கேதான் முக்கியமான கணக்கு வருகிறது. ஒரு தொழிற்சாலைக்கு நாளுக்கு 100 உதிரிபாகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் 30 நாளில் வரும், தவறினால் 32. கையிருப்பாக 200 வைத்தால் போதும். பயணம் நீண்டு எப்போதும் சரியாக 42 நாள் ஆனாலும் சமாளித்துவிடலாம். 12 நாள் முன்னதாக அனுப்பச் சொன்னால் முடிந்தது. ஆனால் 30 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம் என்றால் 1,500 வைக்க வேண்டும். தாமதத்தை விடத் தடுமாற்றம்தான் அதிகச் செலவு வைக்கிறது. பெர்லின் அருகேயுள்ள டெஸ்லா ஆலை 2024 ஜனவரி 29 முதல் இரண்டு வாரம் பெரும்பகுதி உற்பத்தியை நிறுத்தியது. நீண்ட பயணத்தால் பாகங்கள் வரத்தில் இடைவெளி விழுந்துவிட்டது என்பதுதான் அது சொன்ன காரணம்.

ஏரித் தண்ணீரும் கிடங்கிலுள்ள சரக்கும் செய்யும் வேலை ஒன்றே: வரவு ஏறி இறங்கும்போது செலவு நிற்காமல் பார்த்துக்கொள்வது. பல ஆண்டுகளாகக் கையிருப்பை வீண் முதலீடு என்று சொல்லிக் குறைத்துக்கொண்டே வந்தது பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். மாற்று வழியும் முதல் வழியும் ஒரே நேரத்தில் முடங்கினால் கைகொடுக்க வேறு என்ன இருக்கிறது?

கையிருப்புக்கு இடம் வேண்டும். பனாமா அதற்காக ரியோ இந்தியோ ஆற்றில் புதிய அணை கட்டத் திட்டமிட்டிருக்கிறது. அது எழுந்தால் அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் மூழ்கும். சுமார் 2,000 பேர் வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கிளம்ப வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.